பம்புசெட்டுக் கொட்டகையில் ஒரு குறுந்திரை

செங்கல்பட்டைக் கடந்து, பாலாற்றுப் பாலத்தைத் தாண்டித் தெற்கே செல்லும் திருச்சி நெடுஞ்சாலையில், படாளத்துக்கும் மதுராந்தகத்துக்கும் இடையே அமைந்த ஊர் கருங்குழி. ஏரிப் பாசனமும் கிணற்றுப் பாசனமும் ஒன்றையொன்று தாங்கி நிற்கும் நிலம் இது. ஏரியில் நீர் இருக்கும் வரை மதகு. ஏரி இறங்கிய பின் கிணறு. கிணறு என்றால் பம்புசெட்டு. பம்புசெட்டு என்றால் அதன் கொட்டகைச் சுவரில் தொங்கும் ஸ்டார்ட்டர் பெட்டி.

பழைய ஸ்டார்ட்டரில் இரண்டே பொத்தான்கள். பச்சையை அழுத்தினால் மோட்டார் ஓடும், சிவப்பை அழுத்தினால் நிற்கும். இப்போது அதன் அருகிலேயே இன்னொரு பெட்டி வந்து அமர்ந்திருக்கிறது. மும்முனை மின்சாரத்தில் ஒரு முனை போய்விட்டால் மோட்டாரின் காயில் கருகிவிடாமல் அது காக்கிறது. கிணற்றில் தண்ணீர் வற்றிய பின்னும் பம்பு வெறுமனே ஓடாமல் நிறுத்துகிறது. நள்ளிரவில் மின்சாரம் வந்தால் தானே மோட்டாரை எழுப்பிக் குறித்த நேரம் ஓடவிட்டு அணைக்கிறது. இத்தனைக்கும் அதன் முகத்தில் இருப்பவை நான்கு பொத்தான்களும், வரிக்குப் பதினாறு எழுத்தாக இரண்டு வரி காட்டும் சிறு கண்ணாடித் திரையும்தான். முப்பத்திரண்டு எழுத்துகளுக்குள் பெட்டியின் அறிவு முழுவதும் அடங்க வேண்டும்.

அந்த முப்பத்திரண்டு கட்டங்களில் பெரும்பாலும் ஆங்கிலச் சுருக்கங்களே ஓடுகின்றன. பெட்டியைப் பொருத்தியவர் போன பிறகு, உழவர் அதைப் படித்து இயக்குவதில்லை; ‘மூணு வாட்டி கீழ் பட்டனை அமுக்கு, அப்புறம் நடு பட்டன்’ என்று எண்ணிக்கையை நினைவில் வைத்து இயக்குகிறார். ஓர் அழுத்தம் கூடிப்போனால் வேறோர் அளவு மாறிவிடும். மாறியது அவருக்குத் தெரியாது. விளைவு மோட்டாரில் தெரியும். எழுத்துத் திரையில் தெளிவான தெரிவுப் பட்டியல் அமைப்பதும் அதைத் தமிழில் அமைப்பதும் அருஞ்செயல்கள் அல்ல. அதற்கு வேண்டிய அறிவு எளியது. கவனம்தான் மிகுதியாக வேண்டும்.

முதலில் திரையைப் பார்ப்போம். நீர்மம் போல் ஒழுகி, படிகம் போல் ஒழுங்கு காட்டும் பொருளை 1888ஆம் ஆண்டில் பிரீட்ரிக் ரைனிட்சர் என்னும் ஆஸ்திரியத் தாவரவியலாளர் கண்டார். எண்பது ஆண்டுகள் அது ஆய்வகத்துப் புதுமையாகவே கிடந்தது. 1968இல் அமெரிக்காவின் ஆர்சிஏ நிறுவனத்தில் ஜார்ஜ் ஹைல்மயர் குழுவினர் அதிலிருந்து காட்சித்திரை செய்து காட்டினர். அடுத்த சில ஆண்டுகளுக்குள் சுவிட்சர்லாந்தில் ஷாட், ஹெல்ஃபிரிக் இருவரும் முறுக்கிய அமைப்பை உருவாக்கினர். ஒன்றுக்கொன்று குறுக்காக வைத்த இரண்டு தளவிளைவுத் தகடுகளுக்கு நடுவே படிக மூலக்கூறுகள் கால் வட்டம் முறுக்கி நிற்கின்றன. அந்த முறுக்கோடு ஒளியும் திரும்பி வெளியேறுகிறது. மின்னழுத்தம் கொடுத்தால் மூலக்கூறுகள் நிமிர்ந்துவிடும், ஒளி திரும்பாது, அந்தப் புள்ளி கறுக்கும். இத்துறையில் நம் பங்கும் உண்டு. சர் சி. வி. இராமனின் உடன்பிறந்தாள் மகனான எஸ். சந்திரசேகர், 1977இல் பெங்களூரு இராமன் ஆய்வு நிலையத்தில் தன் குழுவினருடன், தட்டு வடிவ மூலக்கூறுகளும் நீர்மப் படிகமாகும் என்று கண்டறிந்தார். அதுவரை கோல் வடிவ மூலக்கூறுகளே அப்படி ஆகும் என்று கருதப்பட்டது. பெரிய திரைகளைப் பக்கவாட்டிலிருந்து பார்த்தாலும் படம் மங்காமல் இருக்கச் செய்யும் மென்படலங்களில் அத்தகைய தட்டு மூலக்கூறுகள் பின்னாளில் இடம் பிடித்தன.

இந்த இயற்பியல் கொட்டகைக்குள்ளும் வந்து நிற்கிறது. வெப்பம் ஏற ஏற, படிகம் நிமிர்வதற்கு வேண்டிய மின்னழுத்தம் குறையும். ஆகவே சித்திரை வெயிலில் தகரக் கூரையின் கீழ் இருக்கும் திரை, காலையில் பளிச்சென்று எழுத்துக் காட்டியது, நண்பகலில் எல்லாக் கட்டங்களும் கறுத்து நிற்கும். பெட்டிக்குள் இருக்கும் சிறு திருகு மின்தடையம் ஒளிமாறுபாட்டைச் சரிசெய்யும். ஆனால் பெட்டியைத் திறக்கத் திருப்புளி வேண்டும். ஒளிமாறுபாட்டையும் பட்டியலின் ஓர் உருப்படியாக வைத்து, பெட்டியை இயக்கும் நுண்கட்டுப்படுத்தியே அந்த மின்னழுத்தத்தைத் தரும்படி அமைப்பவர்களை நான் பாராட்டுவேன்.

திரையின் முதுகில் ஒட்டியிருக்கும் சில்லுதான் எழுத்துகளின் களஞ்சியம். ஜப்பானின் ஹிட்டாச்சி நிறுவனம் வடித்த ஹெச்டி44780 என்னும் சில்லும், அதை அப்படியே பின்பற்றும் பிற நிறுவனச் சில்லுகளும் கடந்த நாற்பது ஆண்டுகளாக இத்தகைய திரைகளை ஆள்கின்றன. எண்பது எழுத்துகளுக்கான நினைவகம் அதில் உண்டு. வரிக்கு நாற்பது எழுத்து வைத்துக்கொள்ளும்; பதினாறே வெளியே தெரியும். ஒவ்வோர் எழுத்தும் ஐந்து புள்ளி அகலமும் எட்டுப் புள்ளி உயரமும் கொண்ட கட்டத்தில் எழும். ஓர் எழுத்தை எழுத ஏறத்தாழ 40 மைக்ரோ நொடி போதும். திரை முழுவதையும் துடைக்கும் கட்டளைக்கு மட்டும் ஒன்றரை மில்லி நொடி ஆகும். புதிதாக நிரல் எழுதுவோர் ஒவ்வொரு சுற்றிலும் திரையைத் துடைத்துவிட்டு மீண்டும் எழுதுவார்கள். திரை விடாமல் நடுங்கும். துடைக்கவே வேண்டியதில்லை. மாறிய கட்டத்தில் மட்டும் புது எழுத்தைப் பழையதன் மேல் எழுதினால் போதும். படிகமே சோம்பேறி, அது மாறி நிலைகொள்ள ஒரு நொடியில் பத்தில் ஒரு பங்குக்கும் மேல் ஆகும். எனவே மின்னோட்ட அளவை நொடிக்கு மூன்று நான்கு முறைக்கு மேல் மாற்றிக் காட்டினால் எண்கள் ஒன்றன்மேல் ஒன்றாகக் குழம்பும்.

இனிப் பட்டியல். ஏரி நீர் வயலுக்குப் போகும் வழியைப் போல் அதை எண்ணலாம்: மதகிலிருந்து பெரிய கால்வாய், அதிலிருந்து கிளைக் கால்வாய், அதிலிருந்து வயல் மடை. எந்த மடையில் நின்றாலும் எதிரே போனால் மதகுக்கு வந்துவிடலாம். தெரிவுப் பட்டியலிலும் ஒவ்வோர் உருப்படிக்கும் மேலே ஒரே ஒரு தாய் உருப்படி. எத்தனை ஆழத்தில் இருந்தாலும் ‘பின்’ பொத்தானை அழுத்திக்கொண்டே வந்தால் முகப்புக்கு வந்து சேர வேண்டும். நிரலில் இதை நிபந்தனைகளாக அடுக்கத் தொடங்கினால் பத்து உருப்படிகளுக்குள் சிக்கல் விழும். ஓர் அட்டவணையாக எழுதுவதே நேர்த்தி. ஒவ்வோர் உருப்படிக்கும் ஒரு பெயர், தாய் எது, முதல் சேய் எது, அடுத்த உடன்பிறப்பு எது, அழுத்தினால் என்ன செய்ய வேண்டும் என்னும் ஐந்து செய்திகள் போதும். அட்டவணையை நடந்து செல்லும் நிரல் பகுதி இருபது முப்பது வரிகளில் முடிந்துவிடும்; பிறகு புது உருப்படி சேர்ப்பது அட்டவணையில் ஒரு வரி சேர்ப்பதுதான்.

நினைவகக் கணக்கும் பார்க்க வேண்டும். 2005இல் இத்தாலியில் தோன்றிய ஆர்டுயினோ பலகையால் பள்ளி மாணவர் வரை பரவிய ஏடிமெகா328பி நுண்கட்டுப்படுத்தியில் நிரலுக்கு 32 கிலோபைட் உண்டு. ஓடும்போது பயன்படும் நினைவகமோ 2 கிலோபைட்தான். பதினாறு எழுத்துப் பெயர்கள் நாற்பது என்றால் 640 பைட். ஓட்ட நினைவகத்தில் மூன்றிலொரு பங்கு அதற்கே போய்விடும். மாறாத பெயர்களை நிரல் நினைவகத்திலேயே நிறுத்திவிட வேண்டும். இதைச் செய்யாமல் விட்டுவிட்டுப் பெட்டி தானாக மறுதொடக்கம் ஆகிறதே என்று மின்வழங்கியைச் சந்தேகிப்போர் பலர்.

எதை மேலே வைப்பது, எதை உள்ளே வைப்பது என்பதில்தான் வடிவமைப்பாளரின் அறிவு தெரியும். தெரிவுகள் கூடக் கூட முடிவெடுக்கும் நேரம் மடக்கை வீதத்தில் கூடும் என்று 1952இல் ஹிக் என்னும் ஆங்கிலேய உளவியலாளர் காட்டினார். அவர் ஆய்வில் எல்லாத் தெரிவுகளும் கண்முன் இருந்தன. இங்கே ஒரு நேரத்தில் இரண்டே வரிகள் தெரியும், எஞ்சியவை மறைந்திருக்கும். மறைந்திருப்பதை மனத்தில் பிடித்துக்கொள்ளும் சுமை படிப்பவர் மேல் விழுகிறது. ஆகவே என் கருத்தில், நாள்தோறும் தொடும் அளவுகள் இரண்டு மூன்று மட்டுமே முதற்படியில் இருக்க வேண்டும்: மோட்டார் ஓடும் நேரம், தானாக ஓடுவதா கையால் ஓட்டுவதா என்பது, கிணறு ஊறக் காத்திருக்கும் நேரம். மின்னழுத்த வரம்பு, வெற்றோட்டத்தைக் கண்டுகொள்ளும் மின்னோட்ட வரம்பு ஆகியவை பெட்டியைப் பொருத்துபவருக்கு உரியவை. அவற்றை ஐந்து நொடி அழுத்திப் பிடித்தால் திறக்கும் உட்பகுதியில் வைக்கலாம். கடைசியில் நின்ற காரணம் ஏதென்பது முகப்பிலேயே தெரிய வேண்டும். ‘ஏன் நின்றது?’ என்பதே கொட்டகைக்கு வருபவரின் முதல் கேள்வி.

இதற்கு நேர்மாறான வடிவமைப்பு ஒன்று நம் நாட்டில் உண்டு. மின்னணு வாக்குப்பதிவு எந்திரம் 1982ஆம் ஆண்டு கேரளத்தின் பரவூர்த் தொகுதியில் முதன்முதல் பயன்பட்டது. பெங்களூரு பாரத் எலெக்ட்ரானிக்ஸ் நிறுவனத்தில் அதன் உருவாக்கத்தை மேற்பார்த்தவர் நம் எழுத்தாளர் சுஜாதா. அதன் வாக்களிக்கும் கருவியில் பதினாறு பொத்தான்கள். ஒவ்வொன்றுக்கும் அருகே வேட்பாளர் பெயர், சின்னம், ஒரு சிறு விளக்கு. பட்டியலுக்குள் நுழைவதும் இல்லை, திரும்புவதும் இல்லை. கேள்வி ஒன்று, விடைகள் பல என்றால் விடைக்கொரு பொத்தான் வைப்பதே சரி. எழுதப் படிக்கத் தெரியாதவரும் சின்னத்தைப் பார்த்து அழுத்திவிடலாம். பம்புசெட்டுப் பெட்டியிலோ கேள்விகள் பல. பத்துக் கேள்விக்கும் தனித்தனிப் பொத்தான் வைத்தால் பெட்டி பெரிதாகும், ஒவ்வொரு பொத்தான் துளையிலும் ஈரமும் எறும்பும் நுழையும். எனவே நான்கு பொத்தான்களும் பட்டியலும்.

பொத்தானும் தோன்றுவது போல் எளியதன்று. இரண்டு உலோகத் தகடுகள் தொடும்போது ஒரேயடியாக ஒட்டிக்கொள்வதில்லை. சில மில்லி நொடிகள் துள்ளித் துள்ளி அமரும். மனிதக் கண்ணுக்கு அது ஒரே அழுத்தம். நொடிக்கு ஒரு கோடியே அறுபது இலட்சம் துடிப்புகள் எண்ணும் நுண்கட்டுப்படுத்திக்கு அது ஏழெட்டு அழுத்தங்கள். நிலை மாறியபின் இருபது மில்லி நொடி மாறாமல் நின்றால் மட்டுமே அழுத்தமாகக் கொள்ள வேண்டும். மின்னழுத்த வரம்பை 340 வோல்ட்டிலிருந்து 400க்கு ஏற்ற அறுபது முறை அழுத்தச் சொல்வதும் முறையன்று. அழுத்திப் பிடித்தால் எண் தானே ஏறவும், சற்று நேரம் கழிந்தபின் பத்துப் பத்தாகத் தாவவும் வேண்டும். வரம்பின் எல்லையில் எண் நின்றுவிட வேண்டும். சுற்றி வந்து சுழியத்தில் விழுந்தால் மோட்டாருக்குக் கேடு.

இங்கே ஒரு பெரும்பிழைக்கு இடமுண்டு. பொத்தானுக்காகக் காத்திருக்கும்போது நிரல் அங்கேயே நின்றுவிட்டால், மோட்டாரைக் கவனிப்பவர் யார்? பம்பு தண்ணீரை இழந்தவுடன் மோட்டாரின் மின்னோட்டம் சரியும்; அந்தச் சரிவைக் கண்டு சில நொடிகளுக்குள் நிறுத்துவதே பெட்டியின் தலையாய கடமை. உழவர் நேரத்தை மாற்றிக்கொண்டிருக்கும் அரை நிமிடமும் அந்தக் கடமை நிற்கக் கூடாது. ஆகவே நிரலில் ‘இவ்வளவு நேரம் சும்மா இரு’ என்னும் கட்டளைக்கே இடம் தரலாகாது. ஒவ்வொரு சுற்றிலும் கடிகாரத்தைப் பார்த்து, பொத்தானின் நேரம் வந்ததா, திரையின் நேரம் வந்ததா, மின்னோட்டம் அளக்கும் நேரம் வந்ததா என்று கேட்டுக் கடந்து செல்ல வேண்டும். பட்டியல் திறந்தபடியே ஒருவர் வீட்டுக்குப் போய்விட்டால், அரை நிமிடத்தில் முகப்புக்குத் தானே திரும்ப வேண்டும். பாதியில் விட்ட மாற்றம் பதிவாகக் கூடாது.

பதிவு என்றதும் மின்தடை நினைவுக்கு வருகிறது. மின்சாரம் போனாலும் அழியாத நினைவகம் ஏடிமெகா328பியில் ஒரு கிலோபைட் இருக்கிறது. அதன் ஒவ்வோர் இடமும் ஏறத்தாழ ஓர் இலட்சம் முறை எழுதத் தாங்கும். பெரிய எண்ணாகத் தோன்றும். ஆனால் பொத்தானைப் பிடித்திருக்கையில் நொடிக்குப் பத்து முறை மாறும் எண்ணை ஒவ்வொரு முறையும் பதிவு செய்தால், அத்தனை ஆயுளும் மூன்று மணி நேர அழுத்தத்துக்குள் தீர்ந்துவிடும். உறுதி செய்யும் பொத்தானை அழுத்தியபின் ஒருமுறை எழுதினால் போதும். அதுவும் பழைய எண்ணிலிருந்து மாறியிருந்தால் மட்டும். எழுதும் அந்தக் கணத்திலேயே மின்சாரம் போகலாம் என்பதால் ஒரே தொகுப்பை இரண்டு இடங்களில், சரிபார்ப்பு எண்ணுடன் வைப்பது நல்லது.

ஆய்வு மேசையில் ஒழுங்காக ஓடிய பெட்டி கொட்டகைக்குப் போனதும் திரையில் அறியாத குறிகளைக் கொட்டுவதுண்டு. மோட்டாரை இணைக்கும் காந்தத் தொடர்பி விடுபடும் கணத்தில் அதன் சுருளிலிருந்து எழும் மின்னதிர்ச்சியே காரணம். கம்பிகளைக் குறைக்கத் திரைக்கு நான்கு இழைகளில் செய்தி அனுப்புவது வழக்கம். ஓர் எழுத்து இரண்டு அரைப்பகுதிகளாகப் போய்ச் சேரும். அதிர்ச்சியில் ஓர் அரைப்பகுதி கூடியோ குறைந்தோ போனால், அதன் பிறகு வருவன எல்லாம் பாதி இடம் தள்ளிப் படிக்கப்படும். நுண்கட்டுப்படுத்தி நலமாக இருக்கும், மோட்டாரும் ஓடும், திரை மட்டும் உளறிக்கொண்டே இருக்கும். சுருளுக்குக் குறுக்கே மின்தடையமும் மின்தேக்கியும் இணைந்த அடக்கி போடலாம்; திரைக்குப் போகும் கம்பியை ஒரு சாணுக்குள் வைத்துத் தொடர்பியை விட்டு விலக்கலாம். அவற்றுக்கும் மேலாக, தொடர்பி ஒவ்வொரு முறை இயங்கிய பின்னும் திரையைத் தொடக்க நிலையிலிருந்து மீண்டும் எழுப்பும் சிறு பகுதியை நிரலில் சேர்த்துவிட வேண்டும். அந்தச் சில வரிகளை எழுதாமல் எந்தப் பெட்டியையும் கொட்டகைக்கு அனுப்பக் கூடாது என்பேன்.

தமிழுக்கு வருவோம். சந்தையில் கிடைக்கும் இத்திரைச் சில்லுகளில் பலவற்றில் ஆங்கில எழுத்துகளோடு ஜப்பானியரின் கதகனா எழுத்துகளும் நிலையாகப் பதிந்திருக்கின்றன. தமிழ் இல்லை. கணினியில் தட்டச்சு செய்த ‘ட’ என்னும் எழுத்தை நேராக அனுப்பினால், அது மூன்று பைட்டுகளாகப் போய், ஆல்ஃபா என்னும் கிரேக்க எழுத்தாகவும், சிறு கதகனா எழுத்தாகவும், ஒரு வெற்றிடமாகவும் திரையில் விழும். இதைக் கண்டவர்கள் ‘இந்தத் திரையில் தமிழ் வராது’ என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். அந்த முடிவு தவறு.

அதே சில்லில், நாமே வரைந்துகொள்ளும் எழுத்துகளுக்கு எட்டு இடங்கள் ஒதுக்கப்பட்டிருக்கின்றன. எழுத்துக்கு எட்டு பைட். ஒரு பைட் ஒரு வரிசைப் புள்ளி. ‘ட்’ வரைவோம். மேல் வரிசையின் நடுவே ஒரு புள்ளி: 4. அடுத்த வரிசை வெறுமை: 0. பின் நான்கு வரிசைகளில் இடப்பக்கம் மட்டும் ஒவ்வொரு புள்ளி: 16, 16, 16, 16. அடிக்கோடு முழுவதும்: 31. கடைசி வரிசை வெறுமை: 0. எட்டு எண்களில் ‘ட்’ பிறந்துவிட்டது. நம் எழுத்துகளில் ட, ப, ம, ய, ர, க, ல, த ஆகியவை இந்தக் கட்டத்துக்குள் இணக்கமாக அமர்கின்றன. ண, ஞ, ஐ, ணை போன்றவை ஐந்து புள்ளி அகலத்தில் நெரிந்துபோகும். இரண்டு கட்டங்களில் வரையலாம் என்றால், கட்டங்களுக்கு இடையே உள்ள இருண்ட இடைவெளி எழுத்தைப் பிளக்கும். வரைபுள்ளித் திரைகளில் இத்தொல்லை இல்லை. 128க்கு 64 புள்ளி கொண்ட திரையில் எந்த எழுத்தையும் விரும்பிய அகலத்தில் வரையலாம். புதிதாக ஒன்றைச் செய்பவர் அதையே எடுத்துக்கொள்ளட்டும். ஏற்கெனவே சுவர்களில் தொங்கும் பெட்டிகளுக்கு எட்டு இடங்களே வாய்த்தவை.

எட்டு இடம் என்பது ஒரே நேரத்தில் திரையில் தெரியும் எழுத்து வகைகளுக்கான வரம்பு மட்டுமே. பக்கம் மாறும்போது எட்டையும் புதிதாக எழுதிக்கொள்ளலாம். நேரடி இணைப்பில் அதற்கு மூன்று மில்லி நொடி போதும். ஆக, பக்கத்துக்கு எட்டு என்று திட்டமிட்டுச் சொற்களைத் தேர வேண்டும். முதல் வரியில் ‘நேரம்’, இரண்டாம் வரியில் ‘மட்டம்’ என்று வைத்துப் பார்த்தேன். ஒற்றைக்கொம்பின் நெடில் வடிவம், ந, ர, ம், ம, ட், ட என ஏழே வடிவங்கள். சுட்டும் அம்புக்குறி சில்லிலேயே இருக்கிறது, எண்களும் இருக்கின்றன. எட்டாவது இடம் ஒரு மணிச் சின்னத்துக்கு மீதம். அடுத்த பக்கத்தில் ‘காலம்’, ‘தாமதம்’: க, துணைக்கால், ல, ம், த, ம என ஆறு. ‘ஓட்டம்’, ‘நிறுத்தம்’ என்னும் இணைக்கு ஓ, ட், ட, ம், நி, று, த், த எனச் சரியாக எட்டு; இதில் நி, று இரண்டையும் ஒரு கட்டத்துக்குள் அடக்கப் பலமுறை அழித்து வரைய வேண்டியிருக்கும்; ஆனாலும் படிக்க முடிகிறது.

பம்புசெட்டுப் பெட்டிக்கு இத்தகைய பக்கங்கள் ஆறு வேண்டும் என்று கொள்வோம். பக்கத்துக்கு 64 பைட் என்றால் மொத்தம் 384 பைட். ம், ட, ம போன்றவை பக்கந்தோறும் திரும்ப வருவதால், ஒவ்வொரு வடிவத்தையும் ஒருமுறை மட்டும் சேமித்து, எந்தப் பக்கத்துக்கு எவை என்ற எண்களை மட்டும் தனியே வைத்தால் அதிலும் குறையும். நிரலுக்கென உள்ள 32 கிலோபைட்டில் இது நூற்றில் ஒன்றேகால் பங்குகூட இல்லை.